இரண்டு தேதியில் ஓர் அமாவாசை

"மேற்படி மெர்சி, கணவர் பெயர் மாசாணம், வயது 44, மின் சாதனங்களைக் கையாள்வதில் தேர்ந்தவர். ஆட்களைத் திரட்டிப் போராடும் பின்னணி கொண்டவர். போட்டியாளர்களின் தூண்டுதலின்பேரில் நீண்டநாள் திட்டமிட்டு, விசைத்தறிக் கூடத்தின் உற்பத்தியை முடக்கியதுடன், பணியிலிருந்த பதினொரு பேரையும் மிரட்டிப் பணிய வைத்தார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

புகார் மனுவில் இப்படித்தான் இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்துகள்: அண்ணன் பாலுசாமி, தம்பி சென்னிமலை. பாகம் பிரித்துப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் இந்தக் கையெழுத்து.

மெர்சி நாலடி ஒன்பது அங்குலம். சின்ன வயதில் ஒருமுறை ஷாக் அடித்ததிலிருந்து வீட்டு விளக்கைக்கூடக் கையால் போடமாட்டாள். நூல் சுற்றும் மரக்குச்சி ஒன்றைச் சுவரோரம் வைத்திருக்கிறாள், அதன் நுனியால்தான் சுவிட்சை அமுக்குவாள். ஆட்களைத் திரட்டியது ஒரே ஒரு தடவை. அக்டோபர் மாதம் ஜெபமாலை சொல்ல நாலு பேரைக் கூப்பிட்டாள். மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருத்தி டீக்கு. மிரட்டல் என்று பார்த்தால், குழம்புச் சட்டியில் வாய் வைத்த பூனையைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவாள். அது பாதி ஊர்ப் பழக்கம், பாதி அவள் சுபாவம்.

நீண்டநாள் திட்டம் என்பதற்கு மட்டும் பின்னால் வருகிறேன்.

கருமத்தம்பட்டிக்கு வெளியே, அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சகோதரர்களின் தறிக் குடோன்கள் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. மேற்கே அண்ணனுடையது, கிழக்கே தம்பியுடையது. நடுவில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். மெர்சியின் வீட்டுக்கு மேற்குச் சுவரும் தறிச்சுவர், கிழக்குச் சுவரும் தறிச்சுவர். மாசாணம் அண்ணனிடம் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை தறி ஓட்டுகிறான். மெர்சி தம்பியிடம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைக் குச்சிகளில் சுற்றுகிறாள். பாகம் பிரித்தபோது கிணற்றையும் மோட்டாரையும் பிரித்தவர்கள் புருசன் பெண்டாட்டியையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்று மாசாணம் ஒருநாள் சொன்னான். அது மூன்றாம்பிறை நாளாக இருக்கவேண்டும். மற்ற நாளில் அவன் வேடிக்கை பேசமாட்டான்.

அவன் சந்திரனை வைத்து இயங்கும் மனுசன். சாமி நம்பிக்கையெல்லாம் இல்லை, தறி அப்படி. இந்தக் குடோன்களில் ஞாயிறு கிடையாது, தீபாவளியையும் பொங்கலையும் கழித்தால் மாதத்தில் ஒரே லீவு அமாவாசை. அன்று காலை எட்டு மணிக்குத் தறிகள் நின்றால் மறுநாள் காலை எட்டுக்குத்தான் ஓடும். அந்த இருபத்துநாலு மணி நேரமும் மாசாணம் தூங்குவான். மாதத்தின் மற்ற நாட்களில் அவன் படுப்பான், தூங்கமாட்டான். இரண்டு சுவரும் தடதடக்கிற அறையில் பகலில் கண்ணை மூடிக் கிடப்பதற்குத் தூக்கம் என்று பெயர் வைக்கக்கூடாது.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அவன் புது மனுசன். சவரம் செய்துகொள்வான். பாட்டு முணுமுணுப்பான். "ஏம்புள்ள மெர்சி, உங்க சாமி ஏழு நாள்ல ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துச்சாமா? தறி ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பான். வளர்பிறை பாதிக்கு வரும்போது பாட்டு நின்றுவிடும். பௌர்ணமிக்குச் சோற்றில் குறை சொல்வான். தேய்பிறை அஷ்டமிக்கு மேல் குறைகூடச் சொல்லமாட்டான். கடைசி நாலைந்து நாள் கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

ஆகவே ஊரெல்லாம் வளர்பிறை பார்த்து நல்ல காரியம் வைக்கும்போது, நிலா தேயத் தேய மனம் குளிரும் ஒரே பெண் மெர்சி. அதிகாலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது கிழக்கே நகக்கீற்றாய் நிலா கிடந்தால், இன்னும் இரண்டு நாள் என்று எண்ணிக்கொள்வாள். அவளுக்கு ஞாயிறு போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. கல்யாணத்தில் அவன் அமாவாசையைக் கொண்டுவந்தான், இவள் ஞாயிற்றுக்கிழமையை, வென்றது அமாவாசை. அந்த நாளில் அவனைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்து காவல் காப்பாள். அது வெறும் காவலும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்யச் சொல்லும் ஆத்தும சோதனையை அங்கேதான் செய்வாள். போன அமாவாசையிலிருந்து இந்த அமாவாசை வரை யாரை நோக வைத்தேன், எதற்குப் பொய் சொன்னேன், எங்கே வாயை மூடியிருக்கலாம். முடித்துவிட்டு எழும்போது புதுத்துணி உடுத்தியதுபோல் இருக்கும். வேதக்காரப் பெண் அமாவாசையில் ஆத்தும சோதனை செய்வது எந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் கேட்டதில்லை. தறி நின்ற அமைதியில் அப்படிப்பட்ட கேள்வியெல்லாம் காதில் விழாது.

பாகம் பிரித்துப் பத்து மாதம் வரை பழைய வழக்கப்படியே ஓடிய இந்த ஏற்பாடு, அதன் பிறகு அண்ணன் தம்பி சண்டையில் கெட்டது.

அமாவாசை என்பது ஒரு தேதிக்குள் அடங்குகிற சரக்கு இல்லை. இன்றைக்குப் பத்து மணிக்குப் பிறந்து நாளைக்கு ஒன்பது மணிக்கு முடியும். எப்படியும் இரண்டு தேதியில் கால் வைக்கும். சண்டை போட விரும்புகிற அண்ணன் தம்பிக்கு இதைவிடத் தோதான கிரகம் கிடையாது. பாலுசாமி சூரிய உதயத்தில் எந்தத் திதியோ அதுதான் அந்த நாள் என்பார். சென்னிமலை போன் ஆப்பைக் காட்டி, முன்னோருக்கு இலை போடும் உச்சிப்பொழுதில் எந்தத் திதியோ அதுதான் நாள் என்பார். இரண்டு விதியும் ஒரே நாளைக் காட்டிவிட்டால் சென்னிமலை மூன்றாவதாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தார். மேற்கே லீவு என்றால் கிழக்கே தறி ஓடும். கிழக்கே லீவு என்றால் மேற்கே ஓடும். ஒரு சுவர் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மூன்று மாதம் மாசாணம் தூங்கவில்லை. நாலாவது மாதம் ஒருநாள் விடிந்து ஏழு மணிக்கு, ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், ஓடுகிற தறியின் நாடாவைக் கையால் பிடிக்கப் போனான். குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு பறக்கும் இரும்பு முனை வைத்த கட்டை அது. பக்கத்துத் தறி அன்புமணி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். மோதிர விரலின் நுனி நகத்தோடு போயிற்று.

"மெர்சிக்கா," என்று அன்புமணி வீட்டு வாசலில் நின்று சொன்னான். "அண்ணன் தூங்கலீங்க, முழிச்சுட்டுத்தான் இருந்தாப்புல. நாடா நின்னுட்டு இருக்கறாட்டத் தெரிஞ்சுதாமா. அதுதானுங்க பயமா இருக்குது. தூங்கி உழுந்தா எழுப்பிப்போடலாம்."

மெர்சி மாசாணத்தை உக்கடத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே நாத்தனார் மாசாணியம்மாள் குளத்துப் பக்கம் குடியிருந்தாள். அவளும் அவனும் ஒரே அம்மன் பேரைத் தாங்கியவர்கள். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளறையில் பாய் போட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியைக்கூட நிறுத்தினார்கள். மாசாணம் படுத்த பத்தாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்தான். "தறி நின்னுபோச்சு. நூல் அறுந்துபோச்சாட்டருக்குது."

அப்போதுதான் மெர்சிக்கு விளங்கியது. தறிக்காரனைச் சத்தமும் தூங்க விடாது; சத்தம் நின்றாலும் திடுக்கென்று விழித்துக்கொள்வான். வேறு ஊர் அமைதி அவனுக்கு ஆபத்து அறிவிப்பு. தன் வீட்டில், தன் இரண்டு சுவரும் ஒன்றாக நிற்கும் அமாவாசை அமைதியை மட்டும்தான் அவன் உடம்பு நம்பும். இருபது வருடப் பழக்கம் அது.

"நீ ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுப்போடு மெர்சி," என்றாள் மாசாணியம்மாள். "கெடுதல் பண்ணுனவியள அம்மா பாத்துக்குவா."

"யாரு மேலீங்க அண்ணி அரைக்கறது?"

"யாரு தூங்க உடாம பண்றாங்களோ அவிய மேல."

"ரெண்டு மொதலாளியுமே கண்ணு, அம்மணின்னு பாசமாத்தானுங்க பேசறாங்க."

இருந்தாலும் போனாள். பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கிருந்து ஆனைமலை அம்மன் கோயில். கழுத்து ஜெபமாலையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, மிளகாயைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மியின் முன்னால் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பேரை முணுமுணுத்துக்கொண்டு அரைத்தார்கள். நகை திருடியவன், நிலத்தை அமுக்கியவன், இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டவன். மெர்சிக்குப் பேர் வரவில்லை. பாலுசாமி அவள் பிரசவத்துக்குக் கார் அனுப்பியவர். சென்னிமலை தீபாவளிக்கு எடுத்த சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திதியின் மேல் அரைக்கலாம் என்றால், அது யாருடைய பேர்?

"அரைக்கறதுன்னா அரைங்க, இல்லாட்டி நகருங்கம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நகர்ந்தாள். அந்த மிளகாய் மறுநாள் குழம்புக்குப் போனது. ஆனால் உள்ளே போய் அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பெரிய உருவம், முழு நீளத்துக்குக் கால் நீட்டி மல்லாந்து படுத்திருந்தது. அத்தனை சனம் வரிசையில் நின்று அழுகிறது, கேட்கிறது, மிரட்டக்கூடச் செய்கிறது. எந்திரி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அடுத்த அமாவாசை செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பிறந்து புதன்கிழமை காலை முடிகிறது. இதற்குள் திதி பார்ப்பதில் கோயில் குருக்களைவிட அவள் தேறியிருந்தாள். பாலுசாமி கணக்கில் லீவு புதன், சென்னிமலை கணக்கில் செவ்வாய்.

பாலுசாமி சாய்வு நாற்காலியில் காலண்டரோடு இருந்தார்.

"ஏனுங்க மொதலாளி, ஒரே ஒருக்கா லீவ செவ்வாக்கெழமைக்கு மாத்துனீங்கன்னா அவரு தூங்கிப்போடுவாருங்க. விரல் போயிருச்சுங்க. அடுத்தது கை."

"அடக் கண்ணு, இதுக்கா கண்ணு கலங்கற? நீ கேட்டு இல்லீன்னு சொல்லுவனா? செவ்வாக்கெழமையே உட்டுப்போடலாம், போ."

இவர் ஒருவரை மட்டும் கேட்டிருந்தால் சரியாய்ப் போயிருக்கும். ஆனால் அதற்கு முந்தின நாளே, அண்ணன் மாறமாட்டார் என்று பயந்து, சென்னிமலையைப் புதன்கிழமைக்கு மாறச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தாள். அவர் அப்போது, "பாக்கலாம் அம்மணி, பெரியவரு எறங்கி வரமாட்டாரு," என்றுதான் சொல்லியிருந்தார். அது மறுப்பு என்று மெர்சி எடுத்துக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆகையால் எது சம்மதம், எது மறுப்பு என்று பிறந்து வளர்ந்தவர்களுக்கே சில சமயம் தப்பிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. மாசாணம் ஷிப்ட் முடிந்து வந்து பாயில் உட்கார்ந்தான். மேற்குச் சுவர் நின்றது. மெர்சி ஊடை சுற்றப் போகவில்லை, லீவுதானே. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிழக்குச் சுவர் நிற்பதற்காகக் காத்திருந்தாள். கிழக்கே ஒரு தறி நின்றது. இன்னொன்று நின்றது. ஆள் மாறுகிற நேரம் அது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் ஓடத் தொடங்கின.

சென்னிமலையின் குடோன் வாசலில், கூட ஊடை சுற்றுகிற காளியாத்தாள் தூக்குப்போசியோடு நின்றாள்.

"ஏனுங்கக்கா, இந்தக்கி லீவு இல்லீங்களா?"

"நாளைக்கித்தான் மெர்சி. நேத்து நீ போன பொறகு மொதலாளி மாத்திப்போட்டாரே. பாவம் அந்தப் புள்ள கேட்டுச்சு, பெரியவரு நாளுக்கே நாமளும் போயரலாம்னு சொன்னாரு. உனக்காவத்தானாமா. உனக்குத் தெரியாதா?"

அண்ணன் தம்பி நாளுக்குப் போனார். தம்பி அண்ணன் நாளுக்குப் போனார். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்; அதற்கு மட்டும் இருவருக்கும் நாக்கு வரவில்லை. பதினாலு மாதத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் விட்டுக்கொடுத்த நாளில், மாசாணத்துக்குத் தூக்கம் இல்லாமல் போயிற்று.

மெர்சி வீட்டுக்கு ஓடினாள். பத்தடிதான். அவன் கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நிக்கலியா?"

"நிக்குமுங்க. நான் போயிக் கேட்டுட்டு வாரனுங்க."

"உடு," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "அந்த அழகிரிசாமி கை மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தானில்ல, போன வருசம். போயிப் பாத்தனே. குறட்டை உட்டுட்டுக் கெடந்தான். எட்டு நாள். அங்க தறிச் சத்தமில்ல, ஊசியப் போட்டுத் தூங்க வெச்சுப்போடறாங்க." விரலில் சுற்றிய துணியைப் பார்த்தான். "நாளைக்கி ராத்திரி நானே கைய உட்டுட்டா என்னன்னு இருக்குது மெர்சி."

அவன் வேடிக்கை பேசவில்லை. மூன்றாம்பிறைக்கு இன்னும் நாள் இருந்தது.

நீண்டநாள் திட்டம் என்று புகாரில் சொல்லியிருப்பது, இந்தப் பேச்சுக்கும் அவள் அடுத்துச் செய்த காரியத்துக்கும் இடைப்பட்ட நேரம். அவள் அவனைப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்து விட்டாள். சுவரோரம் இருந்த மரக்குச்சியை எடுத்தாள். முந்தானையைக் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். குடோனுக்குள் போனாள். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கலாம்.

கதவுக்கு உள்பக்கம் மெயின் பெட்டி. தினமும் வேலைக்கு வரும்போது அதை விட்டு எட்ட ஒதுங்கித்தான் நடப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, மாதா பேரைச் சொல்லி, குச்சியைக் கைப்பிடி மேல் வைத்துத் தொங்கினாள்.

இருபத்துநாலு தறியும் நின்றன.

"கரண்டு போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"இல்லீங்க. நான்தான் நிறுத்திப்போட்டனுங்க," என்றாள் மெர்சி. நூல் மூட்டை ஒன்றை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

சென்னிமலை வந்தார். "அம்மணி, என்ன வேலை இது? எந்திரி."

"எந்திரிக்க மாட்டனுங்க மொதலாளி."

"நாளைக்கித்தான் லீவு உட்டிருக்கறனே! உனக்காவத்தான!"

"நாளைக்கி அக்கட்டால ஓடுமுங்க. பெரியவரு எனக்காவ இந்தக்கி உட்டுட்டாருங்க."

சென்னிமலைக்கு விசயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் இரண்டு மடங்காயிற்று. "அவரு எதுக்கு என்ற நாளுக்கு வாராரு?"

"சித்த நேரம் தூங்கட்டுமுங்க. பொழுதோட நானே போட்டு உட்டர்றனுங்க. அவரு எந்திரிச்சா கையக் கொண்டுபோயி நாடாக்குள்ள வெச்சுப்போடுவாருங்க."

ஆள் விட்டுப் பாலுசாமியை வரவழைத்தார்கள். அவர் வாசலைத் தாண்டவில்லை. தம்பி குடோனுக்குள் கால் வைப்பதில்லை என்று சபதம். வெளியே நின்றே, "ஏங் கண்ணு, நாந்தான் மாத்திக் குடுத்தேனே," என்றார். "இன்னைக்கி அவன் தறிய நிறுத்துன கை, நாளைக்கி என்ற தறிய நிறுத்தாதுன்னு என்ன நிச்சயம்?" அந்த இடத்தில்தான் அண்ணனும் தம்பியும் ஒன்றானார்கள். பெண்பிள்ளையைத் தொட்டு இழுக்க யாருக்கும் கை வரவில்லை. ஆகவே இருவரும் மனு எழுதப் போனார்கள், தனித்தனி வண்டியில்.

மிரட்டிப் பணிய வைக்கப்பட்ட பதினொரு பேரும் முதலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் உட்கார்ந்தார்கள். காளியாத்தாள்தான் முதலில் மூட்டையில் தலை சாய்த்தது. உச்சிப்பொழுதுக்குள் பதினொரு பேரும் கிடந்த இடத்தில் தூங்கிப்போனார்கள். விழித்திருந்தது மெர்சி ஒருத்தி. ஆத்தும சோதனைக்குரிய நாள் என்பது நினைவுக்கு வந்து ஆரம்பித்துப் பார்த்தாள். இந்த மாதம் யாரை நோக வைத்தேன் என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நல்ல மனுசர்களை. அதற்குமேல் ஓடவில்லை.

மறுநாள் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மனுவைப் படித்தார். "மின் சாதனத்துல தேர்ந்தவங்களா நீங்க?" மெர்சி குச்சியை எடுத்துக் காட்டினாள். "போயிட்டுக் கூப்பிட்டா வாங்கம்மா," என்றார். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. சென்னிமலை அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மாசாணத்தைப் பாலுசாமி நிறுத்தவில்லை. இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. சகோதரர்கள் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடியதிலிருந்து மறுபடி பேசுவதில்லை. அடுத்த அமாவாசை புதன் பாதி, வியாழன் பாதி. எந்தப் பக்கம் எந்த நாள் லீவு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நிலா பாதி தேய்ந்துவிட்டது. மாசாணம் சோற்றில் குறை சொல்வதை நேற்றோடு நிறுத்திவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெர்சி செய்தது இவ்வளவுதான்: காலை எட்டே முக்காலுக்கு மெயின் சுவிட்சை இறக்கினாள், மாலை ஆறு மணி வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள், சொன்னபடி தானே ஏற்றிவிட்டு, தறிகள் எழுப்புவதற்கு முன்னால் புருசனை எழுப்பப் போனாள்.